ஒரு கை குடுத்துட்டுப் போங்க

அங்சுக் கொல்லா விரதம் எடுக்கப்போகிறான் என்ற செய்தியை ஊருக்குச் சொன்னது அவன் பெண்டாட்டி குன்செஸ்தான். அவள் மட்டும் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எத்தனையோ ஆடுகள் பிழைத்திருக்கும். ஆனால் சந்தோஷம் வந்துவிட்டால் அவளால் வாயை அடக்க முடியாது. கோபம் வந்தாலும் முடியாது. அது பிறவிக் குணம், யாரைச் சொல்லி என்ன?

ஓடையின் ஓரத்தில் பனிக்கட்டி கட்ட ஆரம்பித்திருந்த காலை. தண்ணீருக்கு வந்த பெண்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள்.

"பௌர்ணமிக்கு மடத்துப் பெரிய குரு, ரின்போச்சே வராருல்ல, அன்னிக்கு எங்க வீட்டு ஆளு அவர் முன்னாடி மண்டி போடப் போறாரு. இனிமே ஒரு உயிரையும் கொல்றதில்லைன்னு விரதம்," என்றாள் குன்செஸ், ஏழு மாத வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு.

பெண்கள் தண்ணீர்க் கேன்களைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார்கள். பக்கத்துக் கூடாரத்து யாங்டோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எவ்ளோ பெரிய புண்ணியம், குன்செஸ்-லே! கேக்கறப்பவே உடம்பு சிலிர்க்குது."

இந்த யாங்டோல் யார் தெரியுமா? குன்செஸுக்கு இரண்டாவது குழந்தையும் பிறந்த சூட்டோடு போய்ச் சேர்ந்தபோது, "அந்தக் கை பண்ற பாவம் வேற யார் தலையில விடியும்?" என்று காதில் விழும்படி சொன்னவள். சொன்ன வாயில், முந்தின நாள் அதே கை கொன்று கொடுத்த ஆட்டின் கறி மணம்கூடப் போயிருக்காது. குன்செஸ் அதை மறக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அவளையும் கட்டிக்கொண்டாள்.

சாங்தாங் என்கிற அந்தக் குளிர்ந்த மேட்டில், ஆடு மேய்ப்பவர்களின் முகாமில் யாரும் உயிரைக் கொல்ல மாட்டார்கள். எறும்புச் சாரையைக் கண்டால் சுற்றிக்கொண்டு போவார்கள். சட்டையில் பேன் அகப்பட்டால் எடுத்துக் கம்பளி ஓரத்தில் பத்திரமாக விட்டுவிட்டு ஒரு மந்திரமும் சொல்வார்கள். ஆனால் கறி தின்னாமல் அங்கே குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. புல்லைத் தவிர ஒன்றும் முளைக்காத மண். பார்லி மாவுகூடக் கீழேயிருந்து லாரியில் வந்தாக வேண்டும். பனி விழுமுன் கூடாரத்துக்கு இரண்டு மூன்று ஆடாவது வேண்டும். அந்த ஆடுகள் தாமாகச் செத்து வந்து சட்டியில் குதிக்குமா? யாராவது ஒருவன் செய்யத்தானே வேண்டும்? அந்த ஒருவனாக முன்பு அங்சுக்கின் அப்பா இருந்தார். அவர் போன பிறகு ஊர் அவருடைய மகனிடம் வந்தது.

வந்தவர்கள் ஒருவரும் 'கொல்லு' என்று சொன்னதில்லை. அந்தச் சொல்லை நாக்கில் வைத்தாலே பாவமாம். "அங்சுக்-லே, நாளைக்கு நம்ம பக்கம் வந்து ஒரு கை குடுத்துட்டுப் போங்க" என்பார்கள். பெயருக்குப் பின்னால் 'லே' போட்டால் மரியாதை; அதைக் கொஞ்சம் இழுத்தால் காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று அர்த்தம். அங்சுக் போவான். அவன் வந்ததும் ஆட்டுக்குச் சொந்தக்காரருக்குத் திடீரென்று தண்ணீர் எடுக்கிற வேலை வந்துவிடும். அல்லது கூடாரத்துக்குப் பின்னால் போய் ஜெபச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நிற்பார். தோல் உரித்துத் தொங்கவிட்ட பிறகுதான் திரும்பி வருவார், எங்கேயோ போய்விட்டு வருகிறவர் மாதிரி. கல்யாணம், புதுவருஷம் என்று ஊர் கூடினால் அங்சுக்குக்கு வாசலோரம்தான் இடம். தட்டில் கறி மட்டும் எல்லாருக்கும் ஒன்று.

அங்சுக் அதற்கும் ஒன்றும் சொல்லமாட்டான். 'முடியாது' என்ற சொல்லை அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொள்வான். மூக்கையும் வாயையும் சேர்த்துக் கயிற்றால் கட்டுவான். அது அடங்குகிறவரை காதோரம் குனிந்து மந்திரம் சொல்லிக்கொண்டே இருப்பான். அன்றைக்கு முழுவதும் சாப்பிடமாட்டான். சாயங்காலம் வரை பேசமாட்டான். இதெல்லாம் குன்செஸுக்கு மட்டும் தெரியும்.

அவன் கையின் பாவம்தான் குழந்தைகளை வாங்கிப் போயிற்று என்பதை அவள் நம்பினாளா? பகலில் நம்பவில்லை. ஆனால் இரண்டைப் பறிகொடுத்தவள் எல்லா நேரமும் பகல்போலவே யோசித்துக்கொண்டிருக்க முடியுமா? மூன்றாவது வயிற்றில் அசைய ஆரம்பித்ததும் அவனைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள்.

"இதோ பாரு. இது பொறக்கறப்ப உன் கை சுத்தமா இருக்கணும். ரின்போச்சே முன்னாடி விரதம் எடு. இல்லேன்னா என் புள்ளையைத் தொடாதே."

அவன் உடனே தலையாட்டினான். யாருக்கும் மறுக்காதவன் தனக்கு மட்டும் மறுப்பானா என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் போதும் குன்செஸ்," என்றான் அவன். "கண்ணை மூடினா எல்லாம் வந்து நிக்குது."

ரின்போச்சே அந்த மேட்டுக்கு வருவது அபூர்வம். பனி விழுந்தால் பாதை அடைபடும், பிறகு கோடைக்குத்தான். குழந்தை அதற்கு முன்னால் வந்துவிடும். ஆக, இந்தப் பௌர்ணமியை விட்டால் வேறு நாள் கிடையாது.

செய்தி சொன்ன அன்று சாயங்காலமே மெமே லோப்சங் வந்தார். மெமே என்றால் தாத்தா. ஊருக்கே அவர் மெமேதான். கையில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு கிழட்டுப் பெட்டையாடு.

"வாங்க மெமே-லே, டீ குடிங்க," என்றாள் குன்செஸ், ஆட்டைப் பார்த்துக்கொண்டே.

"டீ இருக்கட்டும்மா. அங்சுக் எங்க?"

"எதுக்கு?"

"நல்ல விஷயம் காதுல விழுந்துச்சு. வாழ்த்திட்டுப் போலாம்னு வந்தேன்."

"வாழ்த்த வந்தவருக்கு ஆடு எதுக்கு?"

மெமே திரும்பி, அப்போதுதான் பார்ப்பவர்போல ஆட்டைப் பார்த்தார். "இதுவா? இது தானா கூட வந்துச்சு."

"கழுத்துல கயிறோடயா?"

மெமே அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார். "கிழட்டு ஆடும்மா. பல்லெல்லாம் கொட்டிப்போச்சு. குளிர்ல எப்படியும் போயிரும். எங்கயோ பள்ளத்துல விழுந்து செத்தா காதுல மந்திரம் சொல்ல யாரு இருக்கா? அங்சுக் கையால போனா அடுத்த பிறவி நல்லதா அமையும். அவன் விரதம் எடுத்துட்டா இதுக்கு அந்தக் குடுப்பினை இல்லாம போயிருமே. பாவம், இதுமேல இரக்கப்பட்டுத்தான் கேக்கறேன்."

இரக்கமாம்! குன்செஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "மெமே-லே, உங்களுக்குப் பல்லு இருக்கா?"

"ஏது? போய் எவ்ளோ வருஷமாச்சு."

"குளிரைத் தாங்குவீங்களா?"

"கஷ்டம்தான்."

"அப்ப உங்களுக்கும் சேத்து ஒரு கை குடுக்கச் சொல்லட்டுமா?"

கிழவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். சிரிப்பெல்லாம் சரி, கயிற்றை மட்டும் விடவில்லை. அதற்குள் அங்சுக் உள்ளிருந்து வந்து, குன்செஸின் முகத்தைப் பார்க்காமல், அந்தக் கயிற்றை வாங்கிக்கொண்டான்.

மறுநாள் விடிந்ததும் யாங்டோல் வந்தாள். அவள் மெமேயைப்போலச் சுற்றி வளைக்கவில்லை.

"எங்களுது மூணு இருக்கு குன்செஸ்-லேஏ. விரதத்துக்கு முன்னாடி முடிச்சுக் குடுத்துட்டா நிம்மதி."

"நேத்து ஓடையில அழுதியே, அது யாரு?"

"அது வேற, இது வேற. நான் சொல்றதைக் கேளுங்க. எப்படியும் அழுக்குத் துணி எல்லாத்தையும் ரின்போச்சே முன்னாடி துவைக்கத்தான் போறீங்க. எங்களுது மூணையும் சேத்து அந்த மூட்டையில போட்டா என்ன? துவைக்கறவருக்கு ஒரே தண்ணிதானே?"

"உன் துணியை நீ துவையேன்டி!"

"நான் என்ன அழுக்குப் பண்ணினேன்?" என்றாள் யாங்டோல். அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். அதுதான் குன்செஸுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அதற்குப் பிறகு ஊரே வந்தது. ஒவ்வொருவரும் முதலில் வாழ்த்தினார்கள். மரியாதைக்கு வெண்பட்டுத் துண்டு கொண்டுவந்து அங்சுக்கின் கழுத்தில் போட்டார்கள். "உங்களை மாதிரி மனசு யாருக்கு வரும்" என்றார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, 'லே'யை இழுத்து, "விரதத்துக்கு முன்னாடி..." என்று ஆரம்பித்தார்கள். அதோடு விட்டார்களா? வழக்கமாக இரண்டு ஆடு செய்கிறவர்கள் நாலைக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷம் இதைச் செய்ய யார் இருக்கிறார்கள், ஐஸ் குழியில் போட்டு வைத்தால் கெடாது என்று கணக்குப் போட்டார்கள். இன்னும் ஒரு கோடை புல் மேய வேண்டிய குட்டிகளெல்லாம், ஒரு மனிதன் இனிமேல் கொல்லமாட்டேன் என்று சொன்ன குற்றத்துக்காகச் செத்தன. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

குன்செஸ் சும்மா இருக்கவில்லை. வாசலில் மறித்து நின்றாள். வந்தவர்களைத் திட்டினாள். கயிற்றை எடுத்து மாவுப் பைக்கு அடியில் ஒளித்துவைத்தாள். வந்தவர்கள் தங்கள் கயிற்றோடு வந்தார்கள். தனக்கு உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டாள். அவர்கள் அவளுக்கு வெண்ணெய் கொண்டுவந்து கொடுத்து, நலம் விசாரித்துவிட்டு, அங்சுக்கை அழைத்துக்கொண்டு போனார்கள்.

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவை முடியாதுன்னு சொல்லக் கூடாதா?" என்று அவனைப் பிடித்து உலுக்கினாள்.

"கேக்கறாங்களே."

"கேட்டா?"

"மூஞ்சைப் பாத்துட்டு எப்படி இல்லைன்னு சொல்றது? அவங்க புள்ளைங்களும் குளிர்ல சாப்பிடணும்ல?"

"ஆட்டு மூஞ்சைப் பாத்தியா?"

"அதையும்தான் பாக்கறேன்," என்றான். கல்லோடு முட்டிக்கொள்ளலாம், மண்டையாவது உடையும். இந்த மனுஷனோடு முட்டிக்கொண்டால் ஒன்றுமே ஆகாது. அவன் மெலிந்துகொண்டே போனான். தினமும் ஆடு வந்தால் தினமும் பட்டினி, மெலியாமல் என்ன செய்வான்?

பௌர்ணமியன்று காலையில் வெள்ளைக் கூடாரம் போட்டாயிற்று. கொடிகள் கட்டியாயிற்று. குன்செஸ் அங்சுக்குக்குத் தலைக்குச் சுடுதண்ணீர் ஊற்றி, கல்யாணத்துக்குத் தைத்த மேலங்கியை எடுத்து வெளியே வைத்தாள். இனி யாரும் வரமாட்டார்கள், வர ஆடும் இல்லை என்று நினைத்துத்தான் கொஞ்சம் மூச்சு விட்டாள். அப்போது ஊர்த்தலைவர் நாம்கைல் வந்து நின்றார். பின்னால் ஒரு கொழுத்த கிடா.

குன்செஸ் அவரைப் பார்த்தாள், கிடாவைப் பார்த்தாள். "தலைவரே, வேண்டாம். சொல்லிட்டேன்."

"இரும்மா, கோபப்படாதே. ரின்போச்சே சைவம்தான். அவருக்குக் கறி ஆகாது. ஆனா கூட வர்றவங்க இருக்காங்கல்ல? டிரைவர், சமையல்காரர், மடத்து ஆளுங்க. இந்தக் குளிர்ல இவ்ளோ தூரம் வர்றவங்களுக்கு வெறும் மாவுக் கஞ்சியா ஊத்தறது? ஊர் மானம் என்ன ஆகறது?"

"கொல்லக் கூடாதுன்னு உபதேசம் பண்ண வர்றவங்களுக்குக் கொன்னு விருந்தா?"

"நீ ஏன் அந்த வார்த்தையெல்லாம் சொல்ற? ஒரு கை குடுக்கத்தான் கேக்கறேன். ஒண்ணே ஒண்ணு. இதுதான் கடைசி."

"உங்க கைக்கு என்ன? முடமா?"

தலைவர் பதறிப்போய்த் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "நானா? நான் இதுவரைக்கும் ஒரு ஈயைக்கூட அடிச்சதில்லையேம்மா!"

அவள் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். ஆனால் பின்னாலிருந்து ஈரத் தலையோடு அங்சுக் எழுந்து வந்தான். குன்செஸ் அவன் கையைப் பிடித்தாள். அவன் அதை மெதுவாக விடுவித்துக்கொண்டு தலைவரோடு போனான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அழுகையா அது? ஆத்திரம்தான். வேறு வழி தெரியாமல் கண் வழியாக வந்தது.

அவன் திரும்பி வந்தபோது ஜீப்பின் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. கொம்பு ஊதினார்கள். ஊர் முழுக்க அந்தப் பக்கம் ஓடியது. அங்சுக் புது மேலங்கியைத் தொடாமல் பழைய உடுப்போடேயே கூடாரத்தின் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"எந்திரி. ரின்போச்சே வந்துட்டாரு."

"நான் வரல, குன்செஸ்."

"என்னது?"

"இந்தக் கையோட எப்படிப் போய் அவர் முன்னாடி கும்பிடறது? இன்னும் சூடுகூட ஆறலை." அவன் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு பார்த்தான். "நான் விரதம் எடுக்கறேன்னு சொன்னதாலதான் இத்தனை செத்துச்சு. சும்மா இருந்திருந்தா வழக்கமா சாகறது மட்டும்தான் செத்திருக்கும். குட்டிங்க எல்லாம் பொழச்சிருக்கும். என் விரதம் கொன்ன மாதிரி என் கயிறு கொன்னதில்லை. அடுத்த தடவை அவர் வர்றப்போ பாத்துக்கலாம்."

"அடுத்த தடவையா? இது யாருக்காகக் காத்திருக்கும்?" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "எந்திரிடா! ஊரு கூப்பிட்டப்பல்லாம் போனியே, பொண்டாட்டி கூப்பிட்டா வரமாட்டியா?"

கூப்பிட்டால் போகாமல் இருக்க அவனுக்கு எங்கே தெரியும்? எழுந்து வந்தான். ஆனால் கூட்டத்துக்குள் வரவில்லை. ஜீப்பின் பின்பக்கம் ஒதுங்கி நின்றுகொண்டான். குன்செஸ் மட்டும் பெண்கள் வரிசையில் போய், வயிற்றைத் தூக்கிக்கொண்டு எப்படியோ உட்கார்ந்தாள்.

ரின்போச்சே ஒல்லியான மனிதர். தலையில் ஒரு கம்பளிக் குல்லாய், மூக்கு குளிரில் சிவந்திருந்தது. மைக்கில் மெதுவாகப் பேசினார். எண்ணற்ற பிறவிகளில் ஒவ்வோர் உயிரும் ஒரு தடவையாவது நமக்குத் தாயாக இருந்திருக்கிறது என்றார். பால் கொடுத்தவள், நாம் அழுதால் தூக்கியவள், இப்போது ஆடாக நம் வாசலில் நிற்கிறாள். அவள் நம்மை அடையாளம் கண்டுகொள்ளவில்லை, நாம் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்றார். கூட்டம் விம்மியது. யாங்டோல் தேம்பித் தேம்பி அழுதாள். தலைவர் மூக்கைச் சிந்தினார். பின்பக்கத்துக் கூடாரத்திலிருந்து கிடா வேகிற மணம் வந்துகொண்டிருந்தது. குன்செஸ் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கொல்லா விரதம் எடுக்கறவங்க மண்டி போடுங்க," என்றார் ரின்போச்சே. "நான் சொல்லச் சொல்ல மூணு தடவை சொல்லணும். ஒரு உயிரையும் கொல்ல மாட்டேன். அவ்வளவுதான்."

ஊர் முழுக்க மண்டி போட்டது. எத்தனை சந்தோஷமாகப் போட்டது! முன்வரிசையில் தலைவர், அவருக்குப் பக்கத்தில் மெமே, இந்தப் பக்கம் யாங்டோல். ஒருவர் முகத்திலும் கஷ்டம் இல்லை. ஏன் இருக்கப்போகிறது? நேற்றுவரை செய்யாததை நாளைக்கும் செய்யமாட்டேன் என்று சொல்ல என்ன செலவு? விரதம் வேண்டிய ஒருவன் மட்டும் ஜீப்புக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றான்.

குன்செஸால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டாள்.

"ரின்போச்சே, இவங்களுக்கு இந்த விரதம் எதுக்கு? இவங்க ஒருத்தர்கூடக் கொன்னதே இல்லையே!"

கூட்டம் திரும்பியது. தலைவர் "உக்காரும்மா, உக்காரு" என்று கையைக் கையை ஆட்டினார். ரின்போச்சே மைக்கைத் தள்ளிவைத்தார். "நீ யாரும்மா?"

"கொல்றவனோட பொண்டாட்டி. அந்தா நிக்கறாரு பாருங்க, ஜீப்புக்குப் பின்னாடி. இந்த ஊருக்காக எல்லாத்தையும் அவருதான் கொன்னாரு. விரதம் எடுக்கறேன்னு சொன்ன நாள்லேருந்து இவங்க வரிசையில நின்னு கொல்லச் சொன்னாங்க. இன்னிக்குக் காலையிலகூட, உங்க ஆளுங்களுக்கு விருந்துன்னு சொல்லி ஒண்ணு. அவரு பாவி, வாசலோரம் உக்காரணும். இவங்க புண்ணியவானுங்க, முன்வரிசை. நியாயமா இது? 'கொல்ல மாட்டேன்'னு சொல்றதுக்கு இவங்களுக்கு என்ன கஷ்டம்? 'கொல்லச் சொல்ல மாட்டேன்'னு சொல்லச் சொல்லுங்க, பாப்போம்!"

ரின்போச்சே குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் மாட்டிக்கொண்ட மனிதனின் வெட்கம் இருந்தது.

"அவ சொல்றது சரி," என்றார். "சாஸ்திரத்துல ரெண்டும் சேந்துதான் இருக்கு. தானும் கொல்லக் கூடாது, பிறரைக் கொல்லச் சொல்லவும் கூடாது. நான்தான் பாதியோட நிறுத்திக்கறேன். முழுசும் சொன்னா யாரும் உக்காந்திருக்க மாட்டாங்கன்னு பயம்." ஜீப்பின் பக்கம் திரும்பி, "இங்க வாப்பா," என்றார்.

கூப்பிட்டார் அல்லவா, அங்சுக் வந்தான். முன்வரிசைக்கும் முன்னால், தரையில், மண்டி போட்டான். குன்செஸும் இருந்த இடத்திலேயே மண்டி போட்டாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள்.

"கொல்ல மாட்டேன்," என்றார் ரின்போச்சே. "கொல்ல மாட்டேன்," என்றது ஊர். "கொல்லச் சொல்லவும் மாட்டேன்." அதற்கு ஒரு முணுமுணுப்புத்தான் வந்தது. மெமேக்கு இருமல் வந்துவிட்டது. யாரோ ஒருவருக்கு ஆட்டுப்பட்டி ஞாபகம் வந்து எழுந்து போனார். இரண்டாம் முறை பாதிக் குரல்கள்கூட இல்லை. தலைவர் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். யாங்டோலின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. குன்செஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர்கள் ஒவ்வொருவரும் மாட்டிக்கொள்வதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியில், தானும் சொல்லவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

மூன்றாவது முறை. "கொல்லச் சொல்லவும் மாட்டேன்."

ஒரே ஒரு குரல் தெளிவாகச் சொன்னது. அங்சுக்கின் குரல். அதைச் சொல்ல அவனுக்குத் தயக்கமே இல்லை. அங்கே கூடியிருந்தவர்களில், யாரையும் எதையும் கொல்லச் சொல்லாத ஒரே மனிதன் அவன்தான்.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் சொல்வாள் என்று காத்திருந்தான். குன்செஸ் வாயைத் திறந்தாள். ஓடைக்கரையில் ஊருக்குச் செய்தி சொல்வதற்கு முந்தின நாள், "முதல்ல நம்மளுது ரெண்டையும் முடிச்சிரு, அப்புறமா ஊருக்குச் சொல்லிக்கலாம்" என்று அவனிடம் சொன்னது யார்? வேறு யாராவதா? வருஷா வருஷம் அவனிடம் முதலில் கேட்டதும் அவள்தானே? அந்த இரண்டும் இப்போது ஐஸ் குழியில் கிடந்தன. பிள்ளை பிறந்தால் பால் ஊற அவளுக்குச் சாறு வேண்டும். பிள்ளை வளர்ந்தால் அதற்கும் வேண்டும். அதை இனி யார் கையால் வாங்குவது? இந்த நாட்கள் முழுக்க ஊரையெல்லாம் திட்டித் தீர்த்தவளுக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. ரின்போச்சேமேல் வந்தது. அந்தப் பாழாய்ப்போன மேட்டின்மேல் வந்தது.

வாய் திறந்தபடியே இருந்தது. ஊர் மொத்தமும் இப்போது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லச் சொன்னது நீதானேம்மா," என்றார் ரின்போச்சே, மெதுவாக.

"குளிர்காலம் வருது, ரின்போச்சே," என்றாள் குன்செஸ்.